இரண்டா, ஆறா: ஃப்ரீஸ்டைல் நீச்சலில் எந்த கிக் யாருக்கு?

குளத்தில் கோச் "ஆறு கிக் போடு, காலை நிறுத்தாதே" என்கிறார். யூடியூபைத் திறந்தால் "பெரியவர்களுக்கு இரண்டே போதும், காலை மிச்சம் பிடி" என்கிறார்கள். இரண்டும் தவறில்லை, வேறு வேறு ஆளுக்குச் சொன்னவை. உங்களுக்கு எது என்பதை நீந்தும் தூரம், கை வீச்சின் வேகம், கணுக்காலின் நெகிழ்வு, தண்ணீரில் இடுப்பு நிற்கும் உயரம் ஆகிய நாலையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முதலில் கணக்கு. வலது கை ஒரு வீச்சு, இடது கை ஒரு வீச்சு, இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று. அந்தச் சுற்றுக்குள் கால்கள் எத்தனை தடவை கீழ்நோக்கி அடிக்கின்றன என்பதுதான் இரண்டு, நாலு, ஆறு என்ற எண். ஆறு கிக்கில் ஒரு கைக்கு மூன்று அடி. இரண்டு கிக்கில் ஒரு கைக்கு ஒன்று.

கால் செய்யும் வேலை

கால் அடித்தால் வேகம் வரும் என்பது பாதிதான் சரி. ஃப்ரீஸ்டைலில் முன்னே தள்ளும் விசையில் பெரும்பங்கு கைகளுடையது. முழு வேகத்தில் போகும்போதுகூடக் காலின் பங்கு பத்தில் ஒன்று, ஒன்றரை என்ற அளவில்தான் பொதுவாகச் சொல்கிறார்கள். ஆனால் செலவு அந்த விகிதத்தில் இல்லை. உடம்பின் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன; அவற்றை முழு விசையில் ஓட்டினால் ஆக்சிஜன் அங்கேயே தீர்ந்துவிடும். கிக்போர்டை (கையில் பிடிக்கும் மிதவைப் பலகை) பிடித்துக்கொண்டு வெறும் காலால் நாலு லேப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் கால் எதற்கு? நுரையீரலில் காற்று இருப்பதால் மார்பு மிதக்கிறது. உடம்பின் எடை மையமோ அதற்குக் கீழே, தொப்புள் பக்கம் இருக்கிறது. அதனால் கால் தானாகவே இறங்கப் பார்க்கும். இறங்கிய கால் எதிரே வரும் தண்ணீரை மறித்துக்கொண்டு நிற்கும். கை எவ்வளவு இழுத்தாலும் பாதி அதைச் சமாளிக்கவே போய்விடும். எனவே கிக்கின் முதல் வேலை காலை மேலே, உடம்பு துளைத்துக்கொண்டு போகும் அதே பாதைக்குள் வைத்திருப்பது. இரண்டாவது வேலை, உடம்பு இடமும் வலமும் உருளும்போது இடுப்புக்கு ஒரு தள்ளு கொடுப்பது. முன்னே தள்ளுவது மூன்றாவதாகத்தான் வரும். இந்த வரிசையை மனதில் வைத்தால் எண்ணைப் பற்றிய சண்டை பாதி தீர்ந்துவிடும்.

ஆறு கிக்

50, 100, 200 மீட்டர் பந்தயங்களில் கிட்டத்தட்ட எல்லாரும் இதுதான். ஆஸ்திரேலியாவின் இயன் தோர்ப் இதை 400 மீட்டருக்கும் கொண்டுபோனார். 2002-இல் மான்செஸ்டரில் அவர் நீந்திய 3 நிமிடம் 40.08 விநாடி அன்றைய உலக சாதனை. 17-ஆம் அளவு ஷூ போடும் பாதம் அவருக்கு. அந்தப் பாதத்துக்கு லாபமான கிக் எட்டாம் அளவு பாதத்துக்கும் அப்படியே லாபம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆறு கிக்கின் பெரிய பலம், இடைவெளி இல்லாத தாங்கல். முன்னே நீட்டிய கை தண்ணீரைப் பிடிக்கும்வரை உந்துதல் குறைகிற ஒரு கணம் வரும். அந்தக் கணத்திலும் கால் அடித்துக்கொண்டே இருப்பதால் வேகம் அறுந்துபோவதில்லை, காலும் இறங்குவதில்லை. நீளமாகக் கை நீட்டி, மெதுவாகச் சுற்றுபவர்களுக்கு இது தேவை.

மூன்று அடிகளும் ஒரே பலம் இல்லை. வலது கை தண்ணீருக்குள் நுழைந்து நீளும்போது இடது கால் அடிப்பதுதான் பெரிய அடி. அடுத்த இரண்டும் சின்னவை. மூன்றையும் முழு பலத்தில் போடுவதால்தான் பலர் 75 மீட்டரில் சுவரைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆறு கிக்கில் கனமானது, லேசானது என்று இரண்டு வகை உண்டு. கனமானது பந்தயத்துக்கு. லேசானதில் பாதங்கள் சும்மா துடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஒரு கிலோமீட்டர் போனாலும் தொடை கனக்காது. இந்த லேசான ஆறைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். வயது வந்தபின் நீச்சல் கற்றவர்களில் பெரும்பாலானவர்களுக்கு முதலில் வேண்டியது இதுதான்.

சரியான அடியைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இப்படி இருக்கும். அசைவு இடுப்பில் தொடங்கும். முழங்கால் தண்ணீரின் அழுத்தத்தில் லேசாகத் தானே மடங்கும், நாம் மடக்குவதில்லை. பாதம் பின்னோக்கி நீண்டு, கொஞ்சம் உட்பக்கம் திரும்பியிருக்கும். ஒன்றையொன்று தாண்டும்போது இரண்டு கட்டைவிரல்களும் லேசாக உரசும். மேலே வரும் கால் முழங்கால் மடங்காமல் வரும். குதிகால் மட்டும் மேற்பரப்பைத் தொட்டுவிட்டு இறங்கும். இரண்டு பாதங்களுக்கும் நடுவே அதிகபட்ச விரிவு ஒரு அடி, அதற்கு மேல் வேண்டாம். மேலே தண்ணீர் கொதிப்பதுபோல் குமுற வேண்டும். "தொம் தொம்" என்று சத்தம் கேட்டால் பாதம் காற்றை அடித்துக்கொண்டிருக்கிறது.

அதிகம் வரும் தவறு சைக்கிள் மிதிப்பது. முழங்காலை வயிற்றுப் பக்கம் இழுத்து உதைக்கும்போது தொடையின் முன்பக்கம் முழுவதும் ஓட்டத்துக்கு எதிராகத் திரும்பிவிடும். அதாவது ஒவ்வொரு அடிக்கும் ஒரு பிரேக். மல்லாந்து படுத்துக்கொண்டு, கைகளைத் தலைக்கு மேல் நீட்டி, 25 மீட்டர் கிக் மட்டும் போட்டுப் பாருங்கள். முழங்கால் தண்ணீருக்கு வெளியே எட்டிப் பார்த்தால் மிதிக்கிறீர்கள் என்று அர்த்தம். எட்டிப் பார்க்காதபடி எட்டு தடவை, நடுவே 20 விநாடி ஓய்வுடன் போடுவதுதான் மருந்து.

அடுத்த தவறு கணுக்கால். பாதம் 'ட' எழுத்தைப்போல் செங்குத்தாக மடங்கி நின்றால், எவ்வளவு வேகமாக அடித்தாலும் நகர்வு இருக்காது. சிலர் கிக்போர்டில் பின்னோக்கியே போவார்கள். ஓட்டக்காரர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் இது சகஜம்.

இரண்டு கிக்

நீண்ட தூரத்துக்கான சிக்கனம் இங்கே இருக்கிறது. 1500 மீட்டரை 100-க்கு இரண்டு நிமிடம் என்ற வேகத்தில், நிமிடத்துக்கு 60 கைவீச்சில் நீந்தினால் மொத்தம் 30 நிமிடம், 1800 வீச்சு. இரண்டு கிக்கில் அது 1800 அடி. ஆறு கிக்கில் 5400. ஒலிம்பிக் தூர டிரையத்லானில் இந்த 1500-க்குப் பிறகு 40 கிலோமீட்டர் சைக்கிளும் 10 கிலோமீட்டர் ஓட்டமும் காத்திருக்கின்றன. அங்கே இந்த 3600 அடியின் வித்தியாசம் ஓட்டத்தில் தெரியும்.

மணிக்கணக்கில் போகும் கடல் நீச்சலுக்கும் இதே கணக்குத்தான். 1971-இல் இலங்கை நீச்சல்வீரர் ஆழிக்குமரன் ஆனந்தன் போய்த் திரும்பியதும், 1994-இல் சிறுவன் குற்றாலீசுவரன் கடந்ததும் ஆன பாக் நீரிணையை நினைத்துக்கொண்டு பயிற்சி செய்பவர்கள், காலை வேகத்துக்கு நம்பினால் கரை சேர முடியாது.

ஆனால் இது சோம்பேறி கிக் இல்லை. ஆறில் ஒரு அடி பிசகினால் அடுத்தது காப்பாற்றும். இரண்டில் இருப்பதே ஒன்று. அது சரியான நேரத்தில் விழ வேண்டும். நேரம் இதுதான்: வலது கை முன்னே நுழைந்து நீளும் அதே கணம் இடது கால் கீழே அடிக்க வேண்டும். அப்போது இடது கை தண்ணீரை இழுக்கத் தொடங்கியிருக்கும். இடது கால் அடிக்கும்போது இடது இடுப்பு மேலே எழும்பும், வலது பக்கம் கீழே உருளும், வலது கை இன்னும் ஒரு சாண் முன்னே போகும். அடித்த கால் உடனே தளர்ந்து நீண்டு, அடுத்த கைவரை சும்மா கிடக்கும்.

அந்தச் சும்மா கிடக்கும் நேரம்தான் சிக்கல். நிமிடத்துக்கு 60 வீச்சு என்றால் ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு விநாடி. உடம்பு தட்டையாக மிதப்பவருக்கு அந்த ஒரு விநாடியில் ஒன்றும் ஆகாது. இடுப்பு ஏற்கெனவே தொங்குபவருக்கு ஒவ்வொரு விநாடியும் கால் இறங்கும், அடுத்த அடி அதைத் தூக்கவே செலவாகும். 60-க்குக் கீழே, 45, 50 என்று நிதானமாகக் கை வீசுகிறவர்கள் இரண்டு கிக்குக்கு வந்தால் நீச்சல் நின்று நின்று போவதற்கு இதுவே காரணம். முதலில் கைவேகம் கூட வேண்டும், இல்லையென்றால் ஆறிலேயே இருக்க வேண்டும்.

நேரம் தவறுவதிலும் இரண்டு விதம் உண்டு. வலது கை நீளும்போது வலது காலே அடித்தால் இடுப்பு ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் முறுக்கிக்கொள்ளும். நடுமுதுகில் ஒரு பிடிப்பு தெரியும். இன்னொன்று, மூச்செடுக்கும்போது மட்டும் கால்கள் கத்தரிக்கோலாக விரிவது. இதைக் காலில் போய்த் திருத்தப் பார்ப்பது வீண். தலையைத் தூக்கி மூச்செடுப்பதாலோ, முன்னே நுழையும் கை உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் விழுவதாலோ உடம்பு கவிழப் பார்க்கிறது. அதைத் தடுக்கத்தான் கால் விரிகிறது. கையைத் தோளுக்கு நேரே நுழைத்து, நீச்சல் கண்ணாடியின் ஒரு பக்கம் தண்ணீருக்குள்ளேயே இருக்கும்படி மூச்செடுத்தால் கத்தரி தானே மூடிக்கொள்ளும்.

வெட்சூட் விஷயம்

"காலை மறந்துவிடு, இழுத்துக்கொண்டு போ" என்ற அறிவுரையில் பெரும்பகுதி குளிர்நாட்டு டிரையத்லான்காரர்களிடமிருந்து வருகிறது. அவர்கள் போடும் நியோப்ரீன் ரப்பர் வெட்சூட்டே காலைத் தூக்கிப் பிடிக்கும். கிக்கின் முதல் வேலையை உடுப்பு செய்துவிடுகிறது. அயர்ன்மேன் என்ற நெடுந்தூர டிரையத்லான் போட்டிகளில் தண்ணீர் 24.5 டிகிரி செல்சியசுக்கு மேல் இருந்தால் வெட்சூட் போட்டுக்கொண்டு பரிசுக்கோ தகுதிக்கோ போட்டியிட முடியாது. வங்கக்கடல் கரையில் தண்ணீர் அந்த அளவுக்குக் குளிர்வது அரிது. ஆக, சென்னையிலோ ராமேசுவரத்திலோ நீந்துபவருக்கு அந்த உடுப்பு கிடையாது, அவர்கள் சொல்லும் தளர்ச்சியும் அப்படியே பொருந்தாது. ஒரு ஆறுதல் உண்டு: கடல்நீர் நன்னீரைவிட இரண்டரை சதவீதம் அளவுக்கு அடர்த்தி அதிகம் என்பதால் குளத்தில் இறங்கும் கால் கடலில் கொஞ்சம் மேலே நிற்கும். குளத்தில் கஷ்டப்பட்டு வந்த இரண்டு கிக் கடலில் சுலபமாக வருவதற்கு அதுதான் காரணம்.

நாலு கிக்

இதை யாரும் திட்டமிட்டுக் கற்பதில்லை, தானாக வந்து சேர்கிறது. ஒரு கைக்கு மூன்று அடி, மறுகைக்கு ஒன்று. ஒரே பக்கம் மூச்செடுப்பவர்களிடம் அதிகம். நொண்டுவதுபோலத் தெரியும், வேகம் குறையாமல், தோள் வலிக்காமல் ஓடினால் விட்டுவிடலாம். கால்கள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே போகும் வகையும் உண்டு. அதுவும் சமநிலை தேடும் வேலைதான்.

எண்ணை ஒன்றோடு கட்டிப்போட வேண்டியதில்லை என்பதற்கு 1500 மீட்டர் பந்தயமே சாட்சி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சீனாவின் சுன் யாங் 14 நிமிடம் 31.02 விநாடியில் முடித்தார். அதுவரை சிக்கனமாகப் போன கால்கள் கடைசி 50 மீட்டரில் முழு ஆறுக்கு மாறின. அந்த 50-ஐ 26 விநாடிக்குள் முடித்தார். அமெரிக்காவின் பாபி ஃபிங்க் 2024 பாரிசில் 14 நிமிடம் 30.67 விநாடியில் அதை முறியடிக்கும்வரை அந்தச் சாதனை நின்றது. கியர் மாற்றத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தத் தூரம்.

முடிவெடுக்கும் முன் நாலு சோதனை

ஒன்று, நுரைக்கட்டை. தொடைக்கு நடுவே இடுக்கிக்கொள்ளும் கட்டை எல்லாக் குளத்திலும் கிடைக்கும். 100 மீட்டர் வழக்கம்போல் நீந்தி நேரம் பாருங்கள். மூன்று நிமிடம் ஓய்வு. கட்டையை இடுக்கிக்கொண்டு, கிக் இல்லாமல், அதே முயற்சியில் இன்னொரு 100. கட்டையோடு ஐந்து விநாடிக்கு மேல் வேகமாக இருந்தால் உங்கள் கால் இப்போது இழுவைச் சுமை. இரண்டு கிக் பக்கமே போக வேண்டாம். இரண்டும் கிட்டத்தட்ட சமம் என்றால் உடம்பு தட்டையாக இருக்கிறது, இரண்டு கிக்குக்குத் தயார். கட்டையோடு மெதுவாகப் போனால் கிக் உங்களுக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறது. குறுந்தூரக்காரராக இருந்தால் அதை விடாதீர்கள். நாலு சோதனையில் நான் அதிகம் நம்புவது இதைத்தான்.

இரண்டு, வஜ்ராசனம். குதிகால்மேல் உட்காரும்போது புறங்கால் முழுவதும் தரையில் படிகிறதா? கணுக்காலுக்கும் தரைக்கும் நடுவே விரல்கள் நுழையும் இடைவெளி இருந்தால் நெகிழ்வு போதாது. முழங்கால் வலி இல்லாதவர்கள் தினமும் 30 விநாடி, மூன்று தடவை அப்படியே உட்காரலாம். பலன் தெரிய வாரங்கள் ஆகும். அவசரப்பட்டு அழுத்தக் கூடாது.

மூன்று, வெறும் கிக். கிக்போர்டு இல்லாமல், கைகளை முன்னே நீட்டி, முகம் தண்ணீரில். 25 மீட்டருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் குறை பலத்தில் இல்லை, கணுக்காலிலோ முழங்காலிலோ இருக்கிறது. இன்னும் பலமாக அடித்தால் இன்னும் மூச்சு வாங்கும், அவ்வளவே.

நாலு, கைவேகம். சுவரைத் தள்ளிய வேகம் அடங்கியபின் 30 விநாடிக்கு எத்தனை கை விழுகிறது என்று கரையிலிருந்து ஒருவர் எண்ண, இரண்டால் பெருக்குங்கள். 60-க்குக் கீழே வந்தால் இப்போதைக்கு ஆறிலேயே இருங்கள்.

யாருக்கு எது

குழந்தைகளுக்கும் பள்ளிப் போட்டிக்குப் போகிறவர்களுக்கும் ஆறு. இதில் விவாதம் இல்லை. பின்னால் எதை வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம், ஆறு இல்லாதவருக்குக் கடைசி 50-இல் கூட்ட ஒன்றும் இருக்காது.

உடல்நலத்துக்காகக் காலையில் ஒரு கிலோமீட்டர் நீந்துகிறவர், 50 மீட்டரிலேயே மூச்சு வாங்குகிறார் என்றால், அவருக்கு லேசான ஆறு. கூடவே மூச்சை அடக்காமல் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அடக்கிய மூச்சு மார்பை இன்னும் மிதக்கவைத்துக் காலை இன்னும் இறக்கும். பார்வை நேர் கீழே. இந்த இரண்டையும் சரிசெய்யாமல் கிக்கின் எண்ணிக்கையை மாற்றிப் பயனில்லை.

டிரையத்லான், கடல் நீச்சல் என்றால் இறுதி இலக்கு இரண்டு கிக். ஒல்லியான, தொடை இறுகிய ஓட்டக்காரருக்குக் கால் அதிகம் இறங்கும்; அவர் லேசான ஆறில் இரண்டு மாதம் இருந்துவிட்டுத்தான் இரண்டு கிக்குக்கு மாற வேண்டும். பெண்களில் பலருக்குக் கால் இயல்பாகவே மேலே நிற்பதால் நேராக இரண்டுக்குப் போகலாம்.

பயிற்சியும் கருவிகளும்

ஆறுக்கு: 1500 மீட்டர் பயிற்சியில் 200 முதல் 300 மீட்டர் கிக் போதும். கால் தரையில் தட்டாத ஆழத்தில் நிமிர்ந்து நின்றபடி, கைகளைப் பக்கத்தில் மெல்ல அலைத்துக்கொண்டு, 30 விநாடி கிக், 30 விநாடி ஓய்வு, ஆறு தடவை. நிமிர்ந்த நிலையில் சைக்கிள் மிதித்தால் முகம் மூழ்கிவிடும். அதனால் தவறைத் தண்ணீரே சொல்லிக்கொடுக்கும். பிறகு பக்கவாட்டில் படுத்து ஒரு கை நீட்டி ஆறு கிக், ஒரு கைவீச்சு, மறுபக்கம் ஆறு கிக் என்று 25 மீட்டர், எட்டு தடவை.

இரண்டுக்கு: முதல் நாலு லேப் காலை அடிக்கவே கூடாது, கட்டையும் வேண்டாம். கால்கள் சேர்ந்து, தளர்ந்து பின்னால் வரட்டும். சற்று நேரத்தில் உடம்பே உருளும்போது ஒரு காலைத் தட்டப் பார்க்கும். அதுவே சரியான நேரம், அதைப் பெரிதாக்கினால் போதும். முதலில் ஒரு பக்கம் மட்டும், "வலது கை, இடது கால்" என்று மனதில் சொல்லி அரை லேப். அது பதிந்தபின் மறுபக்கம். களைத்த பிறகு இதைப் பயிலாதீர்கள், நேரம் கலைந்துவிடும். வார்ம்-அப் முடிந்த கையோடு 10 நிமிடம் நல்லது.

கிக்போர்டை நீட்டிப் பிடித்துத் தலையைத் தூக்கினால் இடுப்பு இறங்கி, முதுகு வளையும். கீழ்விளிம்பைப் பிடித்து முகத்தைத் தண்ணீரில் வையுங்கள். பாதத்தில் மாட்டும் குட்டைத் துடுப்பான ஃபின்ஸ் ஆறு கிக்குக்குக் கணுக்காலை நீட்டக் கற்றுக்கொடுக்கும், ஆனால் மொத்தப் பயிற்சியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் கழற்றியதும் கால் காணாமல் போகும். இரண்டு கிக் நேரத்தைக் கற்க ஃபின்ஸ் வேண்டாம். நுரைக்கட்டையைச் சோதனைக்கும் கைப்பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் அதிலேயே நீந்துகிறவர் இறங்கும் காலை மறைத்துக்கொள்கிறார், திருத்துவதில்லை.

கால்விரல்களை விறைப்பாக நீட்டிப் பிடிப்பவர்களுக்கு ஆடுசதையிலும் உள்ளங்காலிலும் பிடிப்பு வரும். நீட்டியிருந்தால் போதும், இறுக்க வேண்டாம். வந்துவிட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு பாதத்தை மேல்நோக்கி மடக்கி இழுத்து, விட்டபின் அன்றைக்கு கிக் செட்டை நிறுத்திவிடுங்கள்.

போட்டிக்கு ஆறு வாரத்துக்குள் இருப்பவர் கிக்கை மாற்றக் கூடாது. புதுத் தாளம் குளத்தில் வந்துவிட்டதுபோல் இருக்கும். அலையிலும் நெருக்கடியிலும் பழையதுதான் வரும், இரண்டும் கலந்து மூச்சு கெடும். மாற்றியவர்கள் நுரைக்கட்டைச் சோதனையை மாதம் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். டிரையத்லான்காரர்கள் இரண்டு கிக்கில் வந்தாலும் கடைசி 100 மீட்டரில் லேசான ஆறுக்கு மாறுவது நல்லது. கரையேறி நேராக ஓட வேண்டிய கால்களுக்கு அதற்குள் கொஞ்சம் ரத்தம் ஓடியிருக்கும்.